கூரையில் வைத்த சோறு

"குனியுங்க! தலையக் காட்டாதீங்க!"

சலீம் நானாவின் குரல். லொறி இன்னும் முழுதாக நிற்கவில்லை. பின்கதவு திறந்து தொங்குகிறது. நான் மாமாவை இடுப்பில் பிடித்துத் தூக்குகிறேன். கமலா மேலேயிருந்து அவர் கையை இழுக்கிறாள். அவருடைய ஒரு செருப்பு வீதியில் விழுகிறது. பின்னால் கண்ணாடி உடைகிறது. ஒரு கண்ணாடி அல்ல. கடைக்குப் பின் கடையாக உடைந்துகொண்டு அந்தச் சத்தம் எங்களை நோக்கி வருகிறது.

1983 ஜூலை, தமிழர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்த நாட்கள். அந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய். கண்டி, கொழும்பு வீதி. பிற்பகல்.

மாமா என்றால் என் மனைவி கமலாவின் தகப்பனார். பெயர் வேலாயுதம். அந்த வீதியில் அவருக்கு ஒரு புடைவைக் கடை இருந்தது. லொறியில் விழுந்து கிடந்தபடி தலையைத் திருப்பிப் பார்த்தார். கடையின் பலகைக் கதவு எரிந்துகொண்டிருந்தது. துணி எரியும்போது சத்தம் வராது. புகை மட்டும் வரும். தடித்த, மஞ்சள் கலந்த புகை. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஆசிரியன். நகரத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்தேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கடைக்காரர் வீட்டில் பெண் எடுத்தவன். என்னை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். சலீம் நானாவும் அப்படித்தான் அழைத்தார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்றும் அக்காவை லாத்தா என்றும் சொல்வார்கள். அவருக்கு ஊர் கண்டிக்கு அப்பால் கலகெதர. கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கிக் கண்டியில் விற்பவர். பெருநாளுக்குப் பெருநாள் வீட்டார் எல்லோருக்கும் மாமாவின் கடையில்தான் துணி எடுப்பார். அன்று சரக்கு இறக்க வந்தவர், இறக்காமல் எங்களை ஏற்றினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே லொறியைக் கடையின் பின்பக்கம் கொண்டுவந்தார்.

கராம்பு மூட்டைகளை எங்கள் மேல் அடுக்கினார். தூள் மூக்கில் ஏறியது. கமலா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் லொறி நின்றது. பேச்சுச் சத்தம். தடி ஒன்று லொறியின் பக்கப் பலகையில் தட்டிக்கொண்டே நடந்தது. சலீம் நானா சிங்களத்தில் சிரித்துப் பேசினார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. சிகரெட் கொடுத்திருக்கிறார். லொறி நகர்ந்தது. கீழே மகாவலி ஆறு ஓடும் சத்தம், பிறகு ஏற்றம், பிறகு வளைவுகள்.

அன்று முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை. இதை நினைவில் வைத்திருக்கிறேன். ஏனென்றால் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். விலங்குக்கு எதிரி அருகில் வந்தால் வயிறு தன் வேலையை நிறுத்திவிடும். இரத்தம் கால்களுக்குப் போகும். உயிர் இருந்தால்தானே பிறகு தின்னலாம். மூளைக்கு அது தெரியும்.

பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

*

சலீம் நானாவின் களஞ்சியம் வீதியோரத்தில் இருந்தது. கல் சுவர். இரும்புக் கதவு. ஓட்டுக் கூரை. உள்ளே மூட்டைகள், அதற்கு மேல் பலகைப் பரண். ஏணியில் ஏறியதும் அவர் ஏணியை எடுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு கிணறு. வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால், பள்ளிவாசலுக்கு அருகில். அங்கே அவர் மனைவி ரஹீமா லாத்தாவும் மூன்று பிள்ளைகளும். வீட்டில் எங்களை வைக்க முடியாது. வருவோர் போவோர் அதிகம். பூட்டிய களஞ்சியத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

நாளுக்கு ஒரு தடவை சோறு வரும். பானையைச் சாக்கில் வைத்து மேலே கராம்பு கொட்டி, சரக்குக் கொண்டுவருவது போல அவரே தோளில் சுமந்து வருவார். ரஹீமா லாத்தா ஒரு நாளும் இறைச்சி வைக்கவில்லை. மாமா மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்று யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. கடையில் வைத்துக் கவனித்திருக்கிறா.

வாசனைதான் கொடுமை. கீழே கறுவா, மிளகு, சாதிக்காய். மூச்சு விடும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் சமைப்பது போல இருக்கும். மாமா ஒருமுறை என் காதில் சொன்னார்.

"வாசமெல்லாம் வந்துருச்சு மாப்ள. பிரியாணியத்தான் காணோம்."

கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தகப்பனோடு சிரித்ததில் எனக்கு நினைவிருக்கும் கடைசிச் சிரிப்பு அது.

மாமி, கமலாவின் தாயார், இறந்த நாளிலிருந்து மாமா காகத்துக்கு வைக்காமல் சாப்பிட்டதில்லை. கடையின் பின்கட்டில் ஒரு பிடி சோறு வைத்து, மெல்லக் கூப்பிட்டு, காகம் எடுத்த பிறகுதான் இலையில் கை வைப்பார். பரணில் அது முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பிடியை எடுத்து மூலையில் வைப்பார். கையைக் கூப்புவார். "மன்னிச்சிக்க" என்று மாமியிடம் சொல்வார். பிறகு சாப்பிடுவார்.

மூலையில் வைத்ததை எலி தின்றது. அந்த எலியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை. முதல் நாள் மூட்டை இடுக்கிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. நான் கண் சிமிட்டினாலும் உள்ளே ஓடியது. ஒரு பருக்கையை இழுத்துக்கொண்டு போய் மறைவில் வைத்துத் தின்றது. சோறு நிறைய இருக்கும்போது அதற்குப் பயமும் கூடுதலாக இருந்தது. தின்றுவிட்டால் வெளியே வராது.

வெள்ளிக்கிழமை சோறு வரவில்லை.

சந்தியில் தமிழரைத் தேடும் ஆட்கள் நின்றார்கள். யார் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று பார்த்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சலீம் நானா களஞ்சியத்தைக் கடந்து போனார். இருமினார். வர முடியாது என்பதற்கு அதுதான் அடையாளம். கமலாவுக்குக் காய்ச்சல். கராம்பை மென்றோம். நாக்கு மரத்தது. பசி மரக்கவில்லை.

அன்று எலி என் காலின் மேல் ஏறிப் போனது. நான் காலை அசைத்தேன். நின்றது. என்னைப் பார்த்தது. ஓடவில்லை. பருக்கை ஏதும் இருக்கிறதா என்று என் விரலிடுக்கை மோந்தது. நான் கமலாவிடம் மெல்லச் சொன்னேன், வகுப்பில் சொல்வது போல. பார், பசி கூடக் கூட அதன் பயம் குறைகிறது. நான் மாறவில்லை, நான் அதே பெரிய மிருகம்தான். அதன் தராசுதான் மாறியிருக்கிறது. அவள் கேட்கவில்லை. தூங்கியிருந்தாள்.

அன்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பாடம் கண் முன்னால் நடக்கிறது என்று.

*

சனிக்கிழமை. மதியம் கடந்திருந்தது. இரும்புக் கதவு திறக்கும் சத்தம். ஏணி சாயும் சத்தம். சலீம் நானாவின் தலை மேலே வந்தது. முகம் வெளிறியிருந்தது. பானையைத் தள்ளிவிட்டார்.

"மெல்லச் சாப்பிடுங்க மாஸ்டர். ராவைக்கும் கொஞ்சம் வைங்க. நாளைக்கி வரக் கிடைக்குமோ தெரியா."

சோறு. பருப்பு. பூசணிக்காய். தேங்காய்ச் சம்பல். அவர் போய்ப் பூட்டினார்.

கமலா மூட்டைகளுக்குப் பின்னால், பரணின் மறுகோடியில் காய்ச்சலில் கிடந்தாள். எழுப்பினேன். பிறகு என்றாள். நானும் மாமாவும் பானையின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். வாழையிலைத் துண்டில் பரிமாறினேன். 

மாமா இலையை என் பக்கம் தள்ளினார்.

"நான் இன்னைக்கிச் சாப்பிடல்ல மாப்ள. சனிக்கிழம. வெக்காம தொட முடியாது. நீங்க சாப்பிடுங்க."

அவர் கேட்டது எதுவுமில்லை. காகத்துக்கு வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே தான் பட்டினி இருந்துகொள்வதாகச் சொன்னார். பயத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். தன் மனைவிக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். குறைத்தது தன் வயிற்றுக்கு மட்டும்.

நான் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு முறை இருக்கிறது. மாமனார் பட்டினியாக எதிரே உட்கார்ந்திருக்க மருமகன் சாப்பிட முடியாது. லயத்திலிருந்து வந்தவன் என்று என்னை ஒரு நாளும் குறைத்து நடத்தாத மனிதர். அவர் முன்னால் நான் அந்த முறையை ஒரு நாளும் மீறியதில்லை. அன்றும் மீறக் கூச்சமாக இருந்தது. அவரைக் கெஞ்சினேன். மறுத்தார். மறுபடியும் கெஞ்சினேன். பருப்பின் மணம் என் தலைக்குள் இருந்தது. எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். கூரையில் நகரக்கூடிய ஓடு ஒன்று இருந்தது. காற்றுக்காக அதை விரலளவு தள்ளி வைப்போம். அதை நன்றாகத் தள்ளினேன். வெளிச்சம் உள்ளே விழுந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். கிழவரின் பிடி. ஆனால் இறுக்கமான பிடி.

"வேணாம் மாப்ள. வேணாம். நான் சாப்பிடுறேன். வெக்காமயே சாப்பிடுறேன்."

இந்த வார்த்தைகளை எத்தனை வருடமாக நான் விழுங்கி வைத்திருக்கிறேன். அவர் அதையும் விட்டுக்கொடுத்தார். நான் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கை ஏற்கெனவே பாதி வெளியே இருந்தது. இழுத்து மடக்கி மறுபடி பேசுவதற்கு என்னிடம் பொறுமை இல்லை. கையை உதறி விடுவித்துக்கொண்டு சோற்றை ஓட்டின் மேல் வைத்தேன். ஒரு பிடி அல்ல. சீக்கிரம் வர வேண்டும் என்று இரண்டாவது பிடியும் வைத்தேன்.

உணவைக் கண்ட காகம் தன் கூட்டத்தை அழைக்கும். அதை வகுப்பில் கற்பித்தவன் நான். பரீட்சையில் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று வந்தது. பக்கவாட்டில் தத்தி வந்தது. எடுத்தது. "எடுத்துருச்சு மாமா" என்றேன். அவர் அந்தச் சிறு சதுர வெளிச்சத்தைப் பார்த்து அழுதார். பிறகு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மென்ற நினைவே இல்லை.

அதற்குள் கூரை முழுக்கச் சத்தம். ஓட்டின் மேல் நகங்கள். கா, கா, கா. எண்ண முடியாத கா.

*

முதலில் சந்தியில் நின்றவர்களின் பேச்சு நின்றது. பிறகு அவர்களின் நடை. சரளைக் கல்லில் பல கால்கள். களஞ்சியத்தின் முன்னால் நின்றார்கள். பரண் பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு வெடிப்பு இருந்தது. கண்ணை வைத்தேன்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கூரையைக் காட்டினான். ஓட்டின் மேல் வெள்ளையாகச் சோறு, வீதியைப் பார்த்த பக்கம். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த ஆள் கண்டியில் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவன் என்று அவன் பேச்சிலிருந்தே விளங்கியது. தமிழர்கள் சாப்பிடுவதற்கு முன் காகத்துக்குச் சோறு வைப்பார்கள், கடைகளுக்குப் பின்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன் என்றான். முஸ்லிம் ஆட்கள் வைக்க மாட்டார்கள் என்றான். பூட்டிய களஞ்சியத்தின் கூரையில் சோறு எப்படி வரும் என்று கேட்டான்.

யாரோ ஓடிப்போய் சலீம் நானாவைக் கூட்டி வந்தார்கள். தொப்பியோடு வந்தார். அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்த ஈரம் கையில் இருந்தது. கூரையைப் பார்த்தார். ஒரு கணம்தான். எல்லாம் விளங்கிவிட்டது. உடனே வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கத்தினார்.

"ரஹீமா! வெளிய வராத! சத்தம் போடாத! அப்பிடியே இரி!"

ரஹீமா லாத்தா அங்கே இல்லை. வீடு கூப்பிடு தூரத்திலும் இல்லை. அது எங்களுக்கு.

பிறகு அமைதியாகப் பேசினார். சோறு நான் வைத்ததுதான் என்றார். பறவைக்குப் போடுவது எங்கள் மார்க்கத்திலும் நன்மை என்றார். நாளும் போடுவேன், கூரையில் எறிவேன், காகங்களுக்கு என்னைத் தெரியும் என்றார்.

மூட்டை தூக்கியவன் சிரித்தான். பக்கத்துக் கடையில் ஒரு பிடி சோறு வாங்கி வரச் சொன்னான். அதை சலீம் நானாவின் கையில் வைத்தான். கூப்பிடு என்றான். உன் காகங்கள்தானே. உன் கையில் வந்து எடுக்கட்டும்.

சலீம் நானா கையை நீட்டினார். தன் வாழ்நாளில் காகத்தைக் கூப்பிட்டிராத மனிதர். மாமா கூப்பிடுவதைக் கடையில் நின்று கேட்டிருக்கிறார். அதே போல, அதே இழுப்போடு, கா, கா என்று கூப்பிட்டார்.

காகங்கள் முகட்டில் வரிசையாக இருந்தன. தலையைச் சரித்துப் பார்த்தன. ஒன்று கூரையின் ஓரம் வரை இறங்கியது. கையில் இருந்த சோற்றைப் பார்த்தது. சுற்றி நின்ற ஆட்களையும் தடிகளையும் பார்த்தது. நின்று நிதானித்தது. திரும்பித் தத்தி மேலே போய்விட்டது.

மறுபடியும் கூப்பிட்டார். வரவில்லை. மறுபடியும்.

ஏன் வரவில்லை என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. பரணில் இருந்த எனக்குத் தெரிந்தது. பசித்த காகம் ஆளுக்குப் பயந்துகொண்டே ஆளின் கையருகே வரும். சந்தையில் நாளும் பார்க்கிறோம். வயிறு நிறைந்த காகம் வராது. அதற்கு அவசியம் இல்லை. அதன் தராசில் அப்போது பயம்தான் கனம். அதன் வயிற்றை நான்தான் நிறைத்திருந்தேன். சீக்கிரம் வர வேண்டும் என்று வைத்த அந்த இரண்டாவது பிடி. ஒரு பிடியோடு நிறுத்தியிருந்தால், ஒருவேளை, ஒரே ஒரு காகம் இறங்கி வந்திருக்கும். அவர் சொன்ன பொய்யை அது காப்பாற்றியிருக்கும்.

இதை நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் விரல்களில் பருப்பு காய்ந்திருந்தது. நான் அதை நக்கிக்கொண்டிருந்தேன். கீழே அவர் காகத்தைக் கூப்பிடுகிறார். மேலே நான் விரலை நக்குகிறேன். மாமா அதைப் பார்த்தார்.

சாவியைக் கேட்டார்கள். சலீம் நானா இடுப்பிலிருந்து எடுத்தார். கொடுப்பது போல நீட்டினார். திரும்பி எறிந்தார். கிணற்றில் விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சின்னச் சத்தம்.

அதற்குப் பிறகு கேட்டவை. தடி. மறுபடி தடி. அவர் 'அல்லாஹ்' என்றது. காகங்கள் ஒரே தடவையாக எழுந்து பறந்தது. இரும்புக் கதவில் உதை. கதவு அசையவில்லை. பள்ளிவாசல் பக்கத்திலிருந்து பலர் ஓடி வரும் கால்கள். பெரும் கூச்சல். வந்தவர்கள் தொகையாக வந்ததால் இவர்கள் ஓடினார்கள்.

எங்களைத் தேடி வந்தவர்கள் எங்களைக் காணவில்லை.

*

கதவைப் பெயர்த்துத் திறந்தார்கள். முதலில் ஏறி வந்தவர் சலீம் நானாவின் தம்பி நஸார். சாரத்தில் இரத்தம். அது அவருடையது அல்ல. கமலா காகச் சத்தத்தில் எழுந்து, ஒன்றும் விளங்காமல் நின்றாள். நஸார் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாதது.

"ஆரு சோறு வெச்ச?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் தம்பி. கெழட்டுப் புத்தி. வெச்சிட்டேன்."

மாமா.

கமலா தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தகுதியில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அது ஒரு கணத்துப் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்தக் கணம் முடிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரடங்கு. வாகனம் இல்லை. தாமதமாகத்தான் சலீம் நானாவைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. தலையில் அடி. திங்கட்கிழமை உயிர் போனது. கலகெதரவுக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். அவர் உடலைச் சுமந்த சந்தூக் களஞ்சியத்தைக் கடந்து போனபோது நாங்கள் இன்னும் பரணில்தான் இருந்தோம். வேறு இடம் இல்லை. கால்களின் சத்தம் மட்டும் கேட்டது. 

அன்று சோறு வந்தது. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்துவிட்ட ரஹீமா லாத்தா, நஸாரின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தா. அப்போதும் மரக்கறி. கமலா தொடவில்லை. மாமா தொடவில்லை.

நான் சாப்பிட்டேன்.

*

பிறகு இராணுவ லொறியில் கண்டிக்கு வந்தோம். அகதி முகாம். பிறகு வாடகை வீடு. மீண்டும் பாடசாலை. மாமா எங்களோடுதான் இருந்தார். கமலா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மருந்து கொடுத்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. "சாப்பாடு வெச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஒரு மனிதனின் உயிரை விடக் காகத்தைப் பெரிதாக நினைத்தவர் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

அவர் காகத்துக்கு வைப்பதை விட்டுவிட்டார்.

அவர் சாகக் கிடந்தபோது ஒருநாள் கேட்டேன். ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"நீங்க அவளோட வாழணும்ல மாப்ள. நான் எவ்வளவு நாளைக்கி?"

ஏழு வருடம் இருந்தார். ஏழு வருடமும் மகள் முகம் பார்த்துப் பேசாத வீட்டில் இருந்தார். அடுத்த அறையில்தான் கமலா இருந்தாள். கதவைத் திறந்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செத்திருப்பார். நான் எழுந்து போய் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு நிறையப் படித்தேன். மூளையின் அடியில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. எங்கள் பாடநூல்களில் அதற்குப் பரிவகக்கீழ் என்று பெயர். பசியை அறியும் உயிரணுக்கள் அங்கே இருக்கின்றன. பசி முற்றும்போது அவை பயத்தின் குரலைத் தணிக்கின்றன. பசித்த எலி திறந்த வெளிக்கு வரும், எதிரியின் மணம் இருக்கும் இடத்துக்கும் போகும். வராமலே இருந்தால் பட்டினியில் சாகும். ஆகவே அது கோளாறு அல்ல. உயிர் வாழ்வதற்கான கணக்கு. இதைப் படித்தபோது என் நெஞ்சு லேசானது. ஓட்டைத் தள்ளியது நான் அல்ல, அந்த உயிரணுக்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் போல இருந்தது. சில மாதம் அப்படிச் சொல்லியும் கொண்டேன்.

ஆனால் எலி தின்ற பிறகு பொய் சொல்வதில்லை. வயிறு நிறைந்த பிறகும், எதிரி போன பிறகும், ஆபத்து எதுவுமே இல்லாத வாடகை வீட்டிலும், நான் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தேன். அதற்கு மூளையில் எந்த இடத்தைக் காட்டுவேன்? காட்ட ஒன்றும் இல்லை. அது நான்தான்.

கமலா போன வருடம் இறந்தாள். இப்போதுதான் எழுதுகிறேன். இதிலும் அதே தராசுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னைத் தண்டிக்கக்கூடியவள் போன பிறகுதான் வெளியே வருகிறேன். படிக்கிறவர்கள் இதைத் துணிச்சல் என்று எண்ண வேண்டாம்.

ஒருவர் மட்டும் இருந்தார். அவரிடம் போகாமல் இதை எழுதக் கூடாது என்று தோன்றியது. கலகெதரவுக்குப் போனேன். ரஹீமா லாத்தாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டா. கதிரை போடச் சொன்னா. பிள்ளைகளைச் சொன்னா, பேரப்பிள்ளைகளைச் சொன்னா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தடுத்ததை. அவர் விட்டுக்கொடுத்ததை. இரண்டாவது பிடியை. விரலை நக்கியதை. அவர் பழியை ஏற்றதை. கமலாவை.

அவ ஏசுவா என்று காத்திருந்தேன். ஏச வேண்டும் என்றும் இருந்தது.

"அண்டைக்கி சோறு காணாமப் பெய்த்தா மாஸ்டர்?" என்று கேட்டா. "வெள்ளிக்கிழமையும் அனுப்பக் கிடைக்கல்ல. நான் இன்னொரு சுண்டு அரிசி போட்டீக்கணும். இவ்வளவு காலமும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருந்த."

இல்லை லாத்தா, சோறு போதும், போதுமாக இருந்தது என்றேன். நம்பினாவோ தெரியாது. என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா.

*

இழந்தவற்றை எழுத வேண்டும். இல்லாவிட்டால் மறந்துபோகும்.

கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடை. அதன் பின்னாலிருந்த வீடு. மாமியின் படம்.

கலகெதரவில் ஒரு கராம்பு வியாபாரம். அதை நடத்த ஆள் இல்லாமல் ஒரு லொறி. பிறகு களஞ்சியம்.

சலீம். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கடைசிப் பெண்ணுக்கு அவர் முகம் நினைவில் இல்லை.

ரஹீமாவுக்குக் கணவன். அத்தோடு, தான் போட்ட சோறு போதும் என்ற நிம்மதி.

வேலாயுதத்துக்கு மகள். அவர் உயிரோடு இருந்த மிச்சக் காலம் முழுவதும்.

கமலாவுக்குத் தகப்பன். அவரை இழந்ததுகூட அவளுக்குத் தெரியாது. தானே வெறுத்து ஒதுக்கியதாகவே நினைத்துப் போனாள்.

அந்தப் பரணில் இருந்த மூன்றாவது ஆள் நான். வேலை திரும்பக் கிடைத்தது. சம்பளம் வந்தது. மனைவி கடைசிவரை மரியாதையோடு சோறு போட்டாள். என் பெயருக்கு நேரே எழுத ஒன்றும் இல்லை.